இடைக்கால ஐரோப்பிய பாணி ஹூட் கௌல்: தோள் விளிம்பிலிருந்து வால் நுனி வரை முழுமையான பின்னல் வழிகாட்டி

கிரீன்லாந்தின் தென்கோடியில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில் ஒரு பழைய தேவாலயக் கல்லறை இருக்கிறது. 1921-இல் டென்மார்க் தொல்லியல் ஆய்வாளர் பௌல் நோர்லுண்ட் அதைத் தோண்டினார். அங்கே வாழ்ந்த நார்ஸ் மக்களில் (ஸ்காண்டிநேவிய வழி வந்த குடியேறிகள்) பலர் சவப்பெட்டி இல்லாமல், உடைகளாலேயே சுற்றப்பட்டுப் புதைக்கப்பட்டிருந்தார்கள். மண் உறைந்துபோயிருந்ததால் கம்பளி மக்கவில்லை. நீண்ட அங்கிகளோடு ஹூட்களும் கிடைத்தன. தலையை மூடி, கழுத்தைச் சுற்றி, தோள்மேல் படர்ந்து, பின்னால் வால் தொங்கும் ஹூட்கள் அவை. இன்று கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1936-இல் சுவீடனில் போக்ஸ்டென் என்ற இடத்துச் சதுப்பில் கிடைத்த மனித உடலின் தலையிலும் இதே வகை ஹூட் இருந்தது. அதன் வால் மட்டும் சுமார் 90 செ.மீ. நீளம்.

அந்த வடிவத்தைப் பின்னல் ஊசிகளில் கொண்டுவருவதுதான் இந்த வழிகாட்டி. தலையில் ஏற்றினால் அது ஹூட், பின்னால் தள்ளிவிட்டால் கழுத்தைச் சுற்றி நிற்கும் கௌல். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஹூட்கள் எதுவும் பின்னப்பட்டவை அல்ல. தறியில் நெய்த கம்பளித் துணியை வெட்டித் தைத்தவை. அதே இடைக்காலத்தில் ஐரோப்பாவில் பின்னல் கலையும் இருந்தது. 1400-ஐ ஒட்டி மிண்டன் ஊர் பெர்ட்ராம் என்ற ஜெர்மன் ஓவியரின் பட்டறையில் தீட்டப்பட்ட பலிபீட ஓவியம் ஒன்றில், மரியாள் நான்கு ஊசிகளில் ஒரு சிறு சட்டையின் கழுத்தைச் சுற்றாகப் பின்னிக்கொண்டிருக்கிறாள். ஆக நாம் செய்யப்போவது பழைய உடையின் நகல் அல்ல. அந்தக் காலத்து வடிவத்தை அந்தக் காலத்திலேயே இருந்த இன்னொரு கைவேலைக்கு மாற்றுகிறோம்.

இந்த வடிவத்தின் சூட்சுமம் தோளில் இருக்கிறது. ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் ஹூட்களில் பலவற்றுக்குத் தோளருகே முக்கோணத் துண்டுகள் கூடுதலாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். பொத்தான், நாடா எதுவும் இல்லாமலேயே அது தோளில் அமர்ந்து நிற்கக் காரணம் அந்த முக்கோணங்கள். பின்னலில் அவற்றின் வேலையைக் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) குறைத்தல் செய்கிறது. எந்தச் சுற்றில் குறைக்கிறோம் என்பது சரியாக இருந்தால் மற்ற பகுதிகளில் சிறு பிழை இருந்தாலும் ஹூட் அழகாக விழும்.

நூலும் ஊசியும்

ஆரன் எனப்படும், நடுத்தரத்தைவிடச் சற்றுத் தடித்த கம்பளி நூல் வேண்டும். 100 கிராமுக்கு 160 முதல் 170 மீட்டர் வரும் நூல் பொருத்தமானது. மொத்தம் சுமார் 400 மீட்டர் செலவாகும். 300 கிராம் வாங்கிவைத்தால் மாதிரித் துண்டுக்கும் சேர்த்துப் போதும். எல்லாப் பந்துகளும் ஒரே சாய எண்ணில் இருக்கின்றனவா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஹூட்டின் நடுவே நிறம் மாறினால் அந்தக் கோடு முகத்துக்குப் பக்கத்திலேயே தெரியும்.

அக்ரிலிக்கில் பின்னலாமா என்றால், பின்னலாம். ஆனால் நான் கம்பளியைத்தான் பரிந்துரைப்பேன். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பனியிலும் தூறலிலும் நடந்த மக்கள் அதை உடுத்தியதற்கு அது ஒரு நல்ல காரணம். பின்னலுக்கும் கம்பளி உதவுகிறது. நனைத்து விரித்து உலர்த்தினால் நாம் வைத்த வடிவத்திலேயே நிற்கும். அக்ரிலிக் அப்படி நிற்காது, தோள் விளிம்பு சுருண்டுகொண்டே இருக்கும்.

நிறத்துக்கு, ஆட்டின் இயற்கை நிறங்களான சாம்பல், பழுப்பு, கருமை மூன்றும் தப்பாது. சாயமிட்டது வேண்டுமென்றால் அந்தக் கால ஐரோப்பியச் சாயங்களை ஒட்டித் தேர்ந்தெடுக்கலாம். மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த மேடர் வேரிலிருந்து செங்கல் சிவப்பு கிடைத்தது. வோட் இலையிலிருந்து நீலம் எடுத்தார்கள், அவுரியில் இருக்கும் அதே சாயப்பொருள்தான் அதிலும் இருக்கிறது. வெல்ட் செடி மஞ்சளைக் கொடுத்தது. மஞ்சளையும் நீலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பச்சை எடுத்தார்கள். பளபளப்பும் பல வண்ணக் கலவையும் உள்ள நூல் இந்த வடிவத்துக்கு ஒட்டாது. தோளில் ஓடும் குறைப்புக் கோடுகளை அது மறைத்துவிடும்.

ஊசிகள்: 5.5 மி.மீ. சர்க்குலர் ஊசி (இரு முனைகளை வளையும் கேபிள் இணைக்கும் ஊசி) இரண்டு, ஒன்று 80 செ.மீ., மற்றது 40 செ.மீ. நீளம். அதே 5.5 மி.மீ. அளவில் இருமுனை ஊசி ஒரு செட். விளிம்புக்கு 5 மி.மீ. சர்க்குலர் ஊசி ஒன்று, 80 செ.மீ. நீளத்தில். இவற்றோடு 12 மார்க்கர்கள் (ஊசியில் இடம் குறிக்க மாட்டும் சிறு வளையங்கள்), அவற்றில் ஒன்று வேறு நிறத்தில். மழுங்கிய தையல் ஊசி, கொஞ்சம் பழைய நூல், அளவு நாடா.

மாதிரித் துண்டு

கேஜ், அதாவது பின்னலின் நெருக்க அளவு: 10 செ.மீ. அகலத்தில் 16 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 22 வரிசை. நேர்ப்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல் என்ற ஸ்டாக்கினெட்டில் இந்த அளவு வர வேண்டும். நூலைப் பின்னால் வைத்துப் பின்னுவது நிட், முன்னால் வைத்துப் பின்னுவது பர்ல்.

24 கண்ணி ஏற்றி 15 செ.மீ. உயரம் பின்னுங்கள். அதை நனைத்து, பிழிந்து, விரித்துக் காயவைத்த பிறகு நடுப்பகுதியில் அளந்து பாருங்கள். காயவைக்காமல் அளப்பதில் பயன் இல்லை, ஏனெனில் முடிந்த ஹூட்டையும் நனைக்கத்தான் போகிறோம். 16-க்குப் பதில் 17 கண்ணி வந்தால் தோள் விளிம்பின் சுற்றளவு 120-லிருந்து 113 செ.மீ. ஆகச் சுருங்கும். 15 வந்தால் 128 செ.மீ. ஆக விரியும். ஒரே ஒரு கண்ணி வித்தியாசம்தான், ஆனால் தோளில் அது 7, 8 செ.மீ. அதிகக் கண்ணி வந்தால் தடித்த ஊசிக்கும், குறைந்தால் மெல்லிய ஊசிக்கும் மாறுங்கள். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்க்க வேண்டாம். நான்கு சுற்று போனதும் கை தன் பழைய பிடிக்கே திரும்பிவிடும்.

தோள் விளிம்பு

80 செ.மீ. ஊசியில் 192 கண்ணி ஏற்றுங்கள். லாங் டெயில் முறை (வேலைநூலோடு, முன்கூட்டி விட்ட நீண்ட வால்நூலையும் சேர்த்து ஏற்றுவது) நல்லது, விளிம்பு இழுத்தால் கொடுக்கும். 192 கண்ணிக்கு எவ்வளவு வால் விடுவது என்ற கணக்கில் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வோம். 180-ஆவது கண்ணியில் நூல் தீர்ந்துபோனால் மனம் விட்டுப்போகும். அதைத் தவிர்க்க நூல் பந்தின் உள்முனை, வெளிமுனை இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, ஒன்றை வால்நூலாகவும் மற்றதை வேலைநூலாகவும் வைத்து ஏற்றுங்கள். தேவையான அளவுக்கு இரு பக்கமும் நூல் வந்துகொண்டே இருக்கும். 192 முடிந்ததும் வால்நூலைக் கத்தரித்துவிடலாம். முடிச்சுப் போட்ட கண்ணியை எண்ணிக்கையில் சேர்க்காமல், முதல் வரிசையின் கடைசியில் ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இத்தனை கண்ணிகளைச் சுற்றாக இணைக்கும்போது விளிம்பு ஊசியில் முறுக்கிக்கொள்வது சாதாரணமாக நடக்கும். முறுக்கோடு இணைத்துவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை, பிரிக்கத்தான் வேண்டும். எனவே உடனே இணைக்காதீர்கள். முதல் இரண்டு வரிசையை முன்னும் பின்னுமாக, இரண்டையும் நிட்டாகவே பின்னுங்கள். விளிம்புக்கு இப்போது ஒரு விரல் அளவு உடம்பு வந்துவிடும். எங்கே முறுக்கியிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். நேராக்கிவிட்டு அதன் பிறகு இணையுங்கள். கீழே இருக்கும் சின்ன இடைவெளியைக் கடைசியில் வால்நூலால் இரண்டு தையல் போட்டு மூடிவிடலாம்.

இணைத்த இடத்தில் வேறு நிற மார்க்கரை மாட்டுங்கள். இது பின்முதுகின் நடு. சுற்று மாறும் இடத்தில் வரும் சிறு படி, அணியும்போது வாலுக்குக் கீழே மறைந்துவிடும்.

இனி ஒரு சுற்று நிட், ஒரு சுற்று பர்ல், இப்படி ஆறு சுற்று. முதல் இரண்டு வரிசையோடு சேர்த்து எட்டு. இந்தக் கார்ட்டர் பட்டை இல்லாவிட்டால் ஸ்டாக்கினெட் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டுவிடும்.

தோள் பகுதி: ஹூட்டின் உயிர்நாடி

பட்டை முடிந்ததும் அடுத்த சுற்றில் 16 கண்ணிக்கு ஒரு மார்க்கர் போட்டுக்கொண்டே வாருங்கள். மொத்தம் 12 பிரிவுகள். இதையும் சேர்த்து 14 சுற்று வெறும் நிட்.

இனி குறைக்கும் சுற்று. ஒவ்வொரு பிரிவிலும் மார்க்கருக்கு முன் இரண்டு கண்ணி மிஞ்சும்வரை நிட் போடுங்கள். வலது ஊசியின் முனையை இடது ஊசியில் உள்ள இரண்டாவது கண்ணிக்குள் விட்டு, அப்படியே முதல் கண்ணிக்குள்ளும் செலுத்தி, இரண்டையும் ஒரே கண்ணியாக நிட் போட்டு இறக்குங்கள். மேலே தெரியும் கண்ணி வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். மார்க்கரை வலது ஊசிக்கு நகர்த்துங்கள். ஒரு சுற்றில் 12 இடங்களில் குறையும். இந்தச் சாய்ந்த கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, விளிம்பிலிருந்து கழுத்து நோக்கி 12 மெல்லிய கோடுகளாக ஓடும்.

இப்படி எட்டு முறை குறைக்க வேண்டும். ஆனால் இடைவெளி ஒரே சீராக இருக்கக்கூடாது. நான் முதன்முதலில் பின்னியபோது ஆறு சுற்றுக்கு ஒரு குறைப்பு என்று சீராகவே போட்டேன். எண்ணுவதற்குச் சுலபமாக இருந்தது. அணிந்து பார்த்தபோது புனலைக் கவிழ்த்ததுபோல் நின்றது. தோள் முனையில் பிடித்து இழுத்தது, கழுத்தடியில் துணி மிஞ்சி மடிப்பு மடிப்பாக நின்றது. கையைத் தூக்கும்போதெல்லாம் மேலே ஏறிக்கொண்டது. விளிம்புப் பட்டைவரை பிரித்தேன். மனித உடம்பு புனல் வடிவம் இல்லை. தோள் முனைவரை அகலம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கிறது, அதைத் தாண்டிக் கழுத்தை நோக்கி வேகமாகக் குறுகுகிறது. குறைப்பும் அப்படியே மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்க வேண்டும்.

கணக்கு இதுதான். 14 வெறும் சுற்றுக்குப் பின் முதல் குறைப்பு, 180 கண்ணி மிஞ்சும். 7 வெறும் சுற்று, குறைப்பு, 168. 5 சுற்று, குறைப்பு, 156. மறுபடி 5 சுற்று, குறைப்பு, 144. 3 சுற்று, குறைப்பு, 132. மறுபடி 3 சுற்று, குறைப்பு, 120. 2 சுற்று, குறைப்பு, 108. கடைசியாக 2 சுற்று, குறைப்பு, 96. ஒவ்வொரு பிரிவிலும் இப்போது எட்டுக் கண்ணிகள். விளிம்பிலிருந்து இதுவரை உயரம் சுமார் 25 செ.மீ.

எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே போங்கள். 120 கண்ணிக்கு வரும்போது 80 செ.மீ. ஊசியில் துணி இழுபடத் தொடங்கும். 40 செ.மீ. ஊசிக்கு மாற வேண்டிய நேரம் அது.

96 வந்ததும், கண்ணிகளைத் தையல் ஊசியால் பழைய நூலில் கோத்து, தலைவழியே மாட்டிக் கண்ணாடி முன் நில்லுங்கள். கோடுகள் கழுத்தடியிலிருந்து தோள் முனைவரை படுத்து, அங்கிருந்து நேராகக் கீழே விழ வேண்டும். தோள் முனைக்கு மேல் துணி தூக்கி நின்றால், குறைப்பு உங்கள் தோளுக்குச் சீக்கிரம் தொடங்கிவிட்டது என்று பொருள். பிரித்து, முதல் 14 சுற்றை 18 ஆக்குங்கள். தோளில் வடிவம் சரியாகாமல் மேலே போனால் கடைசிவரை அது உறுத்தும்.

கழுத்து

மார்க்கர்களைக் கழற்றிவிடலாம், பின்நடுவில் உள்ளதைத் தவிர. கழுத்துக்கு இரண்டு நிட், இரண்டு பர்ல் என மாறி மாறி வரும், இழுத்தால் நீண்டு திரும்பும் ரிப், 14 சுற்று, ஏறத்தாழ 6 செ.மீ. ஆனால் சுற்றை இரண்டு நிட்டோடு தொடங்காமல் 1 நிட், 2 பர்ல், 1 நிட் என்று திரும்பத் திரும்பப் பின்னுங்கள். பார்வைக்கு அதே இரண்டு-இரண்டு ரிப்தான். ஆனால் பின்நடுக்கோட்டின் இரு புறமும் ரிப் ஒரே மாதிரி அமையும், முன்பக்கம் நாம் ஒதுக்கப்போகும் 12 கண்ணிகளும் நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக வரும்.

ரிப் இல்லாமல் வெறும் ஸ்டாக்கினெட்டாகவே கழுத்தைப் பின்னினால் பழைய துணி ஹூட்களின் தோற்றத்துக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆனால் பின்னிய துணி நெய்த துணியைப்போல் விறைத்து நிற்காது. ரிப் இல்லாத கழுத்து சில வாரங்களில் தொய்ந்துவிடும், ஹூட்டின் எடை முழுவதும் அங்கேதான் தொங்குகிறது. இந்த ஓர் இடத்தில் தோற்றத்தைவிடப் பயன் பெரிது என்பது என் முடிவு.

ஹூட்

பின்நடுவிலிருந்து 42 கண்ணி நிட். அடுத்த 12 கண்ணிகளைப் பழைய நூலில் கோத்து ஒதுக்குங்கள், அவை முகவாய்க்குக் கீழே வரும் பகுதி. துணியைத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து 84 கண்ணியும் பர்ல். இனி சுற்று இல்லை, நேர்ப்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல் என்று முன்னும் பின்னுமாக 74 வரிசை, சுமார் 34 செ.மீ. ஓர வரிசையில் முதல் கண்ணியைப் பின்னாமல் நழுவவிடும் பழக்கம் இருந்தால் இங்கே வேண்டாம். பிறகு இந்த ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போது இடையிடையே ஓட்டை விழும்.

இதுவரை சுற்றில் நிட் மட்டுமே போட்டு வந்த கைக்கு, பர்ல் வரிசை வந்ததும் பிடி கொஞ்சம் தளரும். நேர்ப்பக்கத்தில் இரண்டிரண்டு வரிசையாகக் கோடு விழுந்ததுபோல் தெரிந்தால் அதுதான் காரணம். முனை மாற்றும் வகை ஊசி இருந்தால் பர்ல் போடும் முனையை மட்டும் 5 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். கோடுகள் மறைந்துவிடும்.

உயரம் உங்களுக்குச் சரியா என்று பார்க்க, ஒரு பக்கக் காறை எலும்பிலிருந்து உச்சந்தலை வழியாக மறுபக்கக் காறை எலும்புவரை நாடாவால் அளந்து பாதியாக்குங்கள். அந்தப் பாதியோடு 2 அல்லது 3 செ.மீ. தளர்வு சேர்த்தால் கழுத்து ரிப்பும் ஹூட்டும் சேர்ந்த மொத்த உயரம் கிடைக்கும். எந்த எண்ணிக்கையில் நிறுத்தினாலும் பர்ல் வரிசையோடு முடியுங்கள்.

உச்சியை மூடுதல்

நிறையப் பேர் ஹூட்டின் உச்சியை வெறுமனே தைத்துவிடுவார்கள். மூன்று ஊசி அடைப்பு அதைவிடச் சீராக வரும், வாலுக்கான கண்ணிகளையும் உயிரோடு விட்டுவைக்கும்.

84 கண்ணியை நடுவில் பிரித்து, சர்க்குலர் ஊசியின் கேபிளை அந்த இடத்தில் வெளியே இழுத்து, ஒவ்வொரு முனையிலும் 42 இருக்கும்படி செய்யுங்கள். துணியின் நேர்ப்பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்க, இரு முனைகளும் இணையாக நிற்க வேண்டும். முகம் வரும் ஓரம் வலப்பக்கத்தில் இருக்கட்டும், நூலும் அங்கேதான் இருக்கும். மூன்றாவது ஊசியை முன் ஊசியின் முதல் கண்ணிக்குள்ளும் பின் ஊசியின் முதல் கண்ணிக்குள்ளும் ஒருசேர விட்டு, இரண்டையும் ஒன்றாக நிட் போடுங்கள். அடுத்த ஜோடியையும் அப்படியே. இப்போது வலது ஊசியில் இரண்டு கண்ணிகள். முதலாவதைத் தூக்கி இரண்டாவதன்மேல் தாண்டவிடுங்கள். இப்படியே 30 ஜோடி. கடைசியில் மிஞ்சும் ஒற்றைக் கண்ணி வழியே, 20 செ.மீ. விட்டு வெட்டிய நூலை இழுத்து இறுக்குங்கள்.

ஊசிக்கு 12 வீதம் 24 கண்ணிகள் பின்மூலையில் காத்திருக்கும். துணியை நேர்ப்பக்கம் திருப்புங்கள். உச்சியில் ஒரு சீரான வரப்பு, அதன் முடிவில் ஒரு வட்டத் திறப்பு. அங்கிருந்துதான் வால் வளரப்போகிறது.

வால்

பிரெஞ்சில் ஷாப்பரோன், ஜெர்மனில் கூகெல் என்று ஹூட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர். அதன் வாலுக்கு ஆங்கிலத்தில் லிரிப்பைப் என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டில் இது முதுகின் பாதிவரை, சில ஓவியங்களில் அதற்கும் கீழே தொங்குகிறது.

24 கண்ணிகளை மூன்று இருமுனை ஊசிகளில் எட்டெட்டாகப் பிரித்து, நான்காவதால் பின்னுங்கள். புதிய நூலை இணைக்கும்போது 20 செ.மீ. நுனி விடுங்கள். வரப்பு முடியும் இடத்தில் ஓர் ஓட்டை விழப்பார்க்கும். அதைத் தடுக்க, வரப்பின் கடைசிக் கண்ணியிலிருந்து ஒரு கண்ணி எடுத்து ஊசியில் ஏற்றி, சுற்றின் முதல் கண்ணியோடு சேர்த்து நிட் போடுங்கள். எண்ணிக்கை 24 ஆகவே இருக்கும், ஓட்டையும் அடைபடும்.

முதலில் 6 சுற்று வெறும் நிட். பிறகு ஒவ்வொரு எட்டாவது சுற்றிலும் இரண்டு குறைப்பு, ஒன்று சுற்றின் தொடக்கத்தில், மற்றது சரியாகப் பாதியில். ஒன்பது முறை குறைத்தால் 6 கண்ணி மிஞ்சும். வாலின் நீளம் சுமார் 35 செ.மீ. வரும். 10 கண்ணிக்குக் கீழே போனதும் மூன்று ஊசிகள் இடிக்கும், இரண்டில் வைத்து மூன்றாவதால் பின்னிக்கொள்ளுங்கள். கடைசி 6 கண்ணி வழியே நூலைக் கோத்து இறுக்கி, நுனியை உள்ளே தள்ளிவிடுங்கள்.

போக்ஸ்டென் ஹூட்டைப்போல் நீண்ட வால் வேண்டுமா? குறைப்பை 21 சுற்றுக்கு ஒருமுறை ஆக்குங்கள். ஏறத்தாழ 89 செ.மீ. வரும், நூல் கூடுதலாக 40 மீட்டர் போகும். குளிருக்கு அந்த வாலையே கழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம்.

முகத்தைச் சுற்றி விளிம்பு

5 மி.மீ. ஊசியை எடுங்கள். நேர்ப்பக்கம் உங்களைப் பார்க்க, ஒதுக்கிய 12 கண்ணிகளை முதலில் நிட் போடுங்கள். அங்கிருந்து ஹூட்டின் ஓரமாக மேலே ஏறி, உச்சி வரப்பைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி வாருங்கள். ஓரத்தில் நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்ற கணக்கில் எடுக்க வேண்டும், மூன்று எடுத்து ஒன்றை விட்டுவிட்டு. 74 வரிசைக்குப் பக்கத்துக்கு 56, மொத்தம் 124. எல்லா வரிசையிலும் எடுத்தால் விளிம்பு அலை அலையாக நிற்கும். குறைவாக எடுத்தால் ஹூட் முகத்தின்மேல் இழுத்துக்கொள்ளும்.

இதுவும் கார்ட்டர்தான், தோள் விளிம்போடு ஜோடி சேர. கண்ணி எடுத்த சுற்றை நிட்டாகக் கணக்கு வைத்து அடுத்தது பர்ல், அதன் பின் நிட், பர்ல் என மொத்தம் ஆறு சுற்று. 12 கண்ணிகள் ஹூட்டின் ஓரத்தைச் சந்திக்கும் இரண்டு மூலைகளிலும், நிட் சுற்று வரும்போதெல்லாம் மூலையின் இரு பக்கத்துக் கண்ணிகளையும் சேர்த்து ஒன்றாக்குங்கள். இல்லாவிட்டால் மூலையில் துணி பிதுங்கி மோவாயில் இடிக்கும். தளர்வாக அடைத்து முடியுங்கள். அடைப்பதற்கு மட்டும் 5.5 மி.மீ. ஊசியைப் பயன்படுத்தினால் தளர்வு தானாக வரும்.

நனைத்து உலர்த்துதல்

நூல் நுனிகளைப் பின்பக்கத்தில் செருகி முடித்து, வெதுவெதுப்பான நீரில் கம்பளிக்கான சோப்பைக் கொஞ்சம் கலந்து, 20 நிமிடம் ஊறவையுங்கள். தேய்க்கக் கூடாது. தூக்கும்போது இரு கையாலும் அடியில் ஏந்தித் தூக்குங்கள், நனைந்த கம்பளி தன் எடையிலேயே நீண்டுவிடும். உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, தோள் பகுதியை வட்டமாக விரித்து, விளிம்பைக் கையால் தட்டி நேராக்கிப் படுக்கையாகக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிடாதீர்கள்.

மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்ட சூப்பர்வாஷ் கம்பளி நனைந்ததும் அதிகமாகவே விரியும். மாதிரித் துண்டை நனைத்து அளக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சூப்பர்வாஷ் அல்லாத கம்பளி என்றால், விருப்பமிருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். சூடான நீரில் மெல்லக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து துணி தடிக்கும், காற்றை நன்றாகத் தடுக்கும். ஆனால் துணி சுருங்கும், சுருங்கியது திரும்பாது. முதலில் மாதிரித் துண்டில் செய்து பாருங்கள்.

அளவை மாற்ற

அகன்ற தோளுக்குப் பிரிவுக்கு 17 கண்ணி, மொத்தம் 204 ஏற்றி, தொடக்கத்தில் கூடுதலாக ஒரு குறைப்புச் சுற்று போட்டால் அதே 192-க்கு வந்துவிடும். ஒடுங்கிய தோளுக்குப் பிரிவுக்கு 15, மொத்தம் 180 ஏற்றி, முதல் குறைப்பை விட்டுவிடுங்கள். கழுத்திலிருந்து மேலே எதுவும் மாறாது.

குழந்தைக்குப் பின்ன எண்ணிக்கையைத் தொடவே வேண்டாம். 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை வரும் மெல்லிய நூலிலும் அதற்கேற்ற ஊசியிலும் இதே எண்களைப் பின்னினால் தோள் விளிம்பு 96 செ.மீ., ஹூட்டின் உயரம் 26 செ.மீ. என்று தானாகச் சிறிதாகும். வால் மட்டும் குழந்தைக்கு வேண்டாம், எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு. 42 ஜோடியையும் மூன்று ஊசி அடைப்பில் முழுதாக அடைத்துவிடுங்கள். பின்னால் சிறு கூர்முனை மட்டும் நிற்கும், அதுவும் அந்தக் காலத்து வடிவமே.

அணியும் விதம்

தலையில் ஏற்றினால் ஹூட். பின்னால் தள்ளிவிட்டால் கழுத்தைச் சுற்றிய மடிப்புகளோடு கௌல். மூன்றாவதாக ஒரு முறையும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்கள், முகத்துக்கான திறப்பைத் தலையில் மாட்டி, தோள் பகுதியை ஒரு பக்கம் சேவல் கொண்டைபோல் விழவிட்டு, வாலைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு அதுவே தனி வகைத் தலையணியாக மாறியது. நீண்ட வாலோடு பின்னியிருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். முக விளிம்பை நெற்றிக்கு மேல் வரும்படி மாட்டி, ஒருமுறை மடித்து, வாலை இடமிருந்து வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை அந்தச் சுற்றுக்குள்ளேயே செருகுங்கள். 12 குறைப்புக் கோடுகளும் காதுக்கு மேல் விசிறிபோல் விரிந்து விழும்.